கூலிக்கு ஊர் விலை, பொருளுக்கு உலக விலை

ஹைதராபாத் மாநகரத்தின் மேற்கு விளிம்பில், மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ராமச்சந்திராபுரம். ‘பெல்’ நிறுவனத்தின் கனரக மின்சாதனத் தொழிற்சாலையும் அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பும்தான் அந்த ஊரின் அடையாளம். பல மாநிலங்களிலிருந்து வந்து அங்கே வேரூன்றிய தொழிலாளர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் படித்தவர்கள் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார்கள். விடுமுறையில் ஊர் திரும்பும் அவர்களிடம் உறவினர்கள் வாங்கிவரச் சொல்லும் பொருள்களில் முதலிடம் கைப்பேசிக்கு. அங்கே விலை குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேசி பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே சுங்குவார்சத்திரத்திலோ கர்நாடகத்தின் நரசாபுரத்திலோ உருவாகி, விமானத்தில் அமெரிக்கா சென்று, அங்கே விலைபோய், ஒருவரது பெட்டிக்குள் மீண்டும் இந்தியா வந்து சேர்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படாத செய்தி. இரண்டு முறை கடல் கடந்த பிறகும் அது, ராமச்சந்திராபுரத்தின் அசோக் நகர் கடைத்தெருவில் கிடைப்பதைவிட மலிவாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் விற்பனையாகும் ஐபோன்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவில் தயாரானவை என்று 2025-ஆம் ஆண்டின் நடுவில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரே முதலீட்டாளர்களிடம் அறிவித்தார். ‘மேக் இன் இந்தியா’வின் மகுடம் என்று ஒன்றிய அரசு இதனைக் கொண்டாடுகிறது. கொண்டாட்டத்தின் நடுவே விலைச் சீட்டைப் பார்ப்போர் குறைவு. 2024 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 16 புரோ வகையின் தொடக்க விலை அமெரிக்காவில் 999 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 84,000 ரூபாய். இந்தியாவில் அதே பேசிக்கு 1,19,900 ரூபாய். இடைவெளி 36,000 ரூபாய். அமெரிக்க விலையில் அந்தந்த மாநிலத்தின் விற்பனை வரி சேரவில்லை என்பது உண்மை. ஆனால் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகன் போன்ற சில மாநிலங்களில் அந்த வரியே கிடையாது.

இந்த 36,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. இந்திய விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. 2020 ஏப்ரலில் 12-லிருந்து 18-ஆக உயர்த்தப்பட்ட அந்த வரி மட்டும் சுமார் 18,300 ரூபாய். மீதி 17,700 ரூபாய் எந்த அரசின் கருவூலத்துக்கும் போகும் வரியன்று. அது நிறுவனமும் விநியோகச் சங்கிலியும் நிர்ணயித்துக்கொண்ட விலை. அதே ஆண்டின் சாதாரண ஐபோன் 16 வகையை எடுத்துக்கொண்டால் கதை வேறு. அமெரிக்காவில் 799 டாலர், இந்தியாவில் 79,900 ரூபாய். ஜிஎஸ்டியைக் கழித்தால் இரண்டு விலைகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. ஆக, விலை ஏற்றத்துக்கு வரி மட்டுமே காரணம் என்று நிறுவனங்கள் சொல்வதும் முழு உண்மையன்று. வரிக்குப் பங்கே இல்லை என்று அரசு சாதிப்பதும் உண்மையன்று. சாதாரண வகையில் அரசு எடுக்கிறது. உயர்ந்த வகையில் அரசும் நிறுவனமும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன.

அந்த 17,700 ரூபாயை நிறுவனம் கேட்க முடிவது எப்படி? வெளிநாட்டிலிருந்து வரும் கைப்பேசிக்கு 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை வரை 20 சதவீத அடிப்படைச் சுங்க வரி இருந்தது. அதன் பிறகு 15 சதவீதம். இறக்குமதியாகும் பேசி இந்த மதிலைத் தாண்டித்தான் கடைக்கு வர முடியும். உள்ளேயே தயாராகும் பேசிக்கு அந்த வரி கிடையாது. ஆயினும் மதிலுக்கு உள்ளே இருப்பவர் தம் விலையை மதிலின் உயரத்துக்கு ஏற்றிக்கொள்கிறார். புரோ வகையின் இந்திய விலையில் எஞ்சும் தொகை, சுங்க வரியின் அளவை ஒட்டியும் சற்றுக் கூடுதலாகவும் இருப்பது தற்செயலன்று. இறக்குமதியாகாத பொருளுக்கு இறக்குமதியானது போல் விலை வைப்பது: இன்றைய இந்தியச் சந்தையின் பல மூலைகளில் வெவ்வேறு வேடத்தில் தென்படும் கணக்கு இதுதான்.

ஏற்றுமதியாகும் பேசிக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. ஜிஎஸ்டி சட்டம் ஏற்றுமதியைப் பூஜ்ய விகிதத்தில் வைக்கிறது. உள்ளீட்டுப் பொருள்களுக்குக் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கிறது. இதில் மட்டும் பார்த்தால் குறை காண வேண்டியதில்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ள நடைமுறைதான். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் மின்னணுப் பெருநிறுவனங்களுக்கென 40,951 கோடி ரூபாயை ஒதுக்கியது. கூடுதல் விற்பனையின்மீது 4 முதல் 6 சதவீதம் வரை அரசே நிறுவனத்துக்குத் தரும். 2019 செப்டம்பரில் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கான இலாப வரியின் அடிப்படை விகிதம் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கைப்பேசி வாங்கும் ஒரு கடைநிலை ஊழியர் கட்டும் ஜிஎஸ்டி விகிதம், அதைத் தயாரிக்கும் புதிய நிறுவனம் தன் இலாபத்தின்மீது கட்டும் அடிப்படை விகிதத்தைவிட அதிகம். உள்நாட்டு நுகர்வோர் வரியாகக் கொடுத்ததில் ஒரு பகுதி ஊக்கத்தொகையாக நிறுவனத்துக்குப் போகிறது. அவரே பிறகு கூடுதல் விலையும் கொடுக்கிறார்.

ஒரு லட்ச ரூபாய்ப் பேசியை வாங்குபவருக்காக இடதுசாரிகள் ஏன் கண்ணீர் சிந்த வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஐபோன் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. கணக்கு அதில் தெளிவாகத் தெரிவதால் முதலில் வைக்கப்பட்டது. அதே கணக்கு, ராமச்சந்திராபுரத்திலிருந்து பட்டான்செருவுக்கும் பொல்லாரத்துக்கும் இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெட்ரோல் டேங்க்கில் இருக்கிறது.

ஹைதராபாத்தில் பெட்ரோல் விலை 2022 மே மாதத்திலிருந்து லிட்டர் 109 ரூபாய்க்கு மேல் நின்றது. நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன், 2024 மார்ச்சில், இரண்டு ரூபாய் குறைக்கப்பட்ட பிறகும் 107 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. நாட்டின் பெருநகரங்களில் மிக அதிக விலைக்கு விற்கும் இடங்களில் அது ஒன்று. அந்த நகரத்துக்கு வரும் எண்ணெயில் ஒரு பகுதி விசாகப்பட்டினத்தில் பொதுத்துறை ஆலையில் சுத்திகரிக்கப்பட்டு, விஜயவாடா வழியாகக் குழாயில் செகந்திராபாத் வந்து சேர்கிறது. கச்சா எண்ணெய் வெளியிலிருந்து வருவது உண்மை. பெட்ரோல் வெளியிலிருந்து வருவதில்லை. இந்தியா தன் தேவைக்கு மேல் சுத்திகரித்து ஏற்றுமதி செய்யும் நாடு.

இருந்தும் பெட்ரோலும் டீசலும் ஆலை வாயிலில் பெறும் விலை எப்படி நிர்ணயமாகிறது? 2006-இல் ரங்கராஜன் குழுவின் பரிந்துரைப்படி ‘வணிகச் சமவிலை’ முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி விலையில் 80 சதவீத எடை இறக்குமதிச் சமவிலைக்கு, 20 சதவீத எடை ஏற்றுமதிச் சமவிலைக்கு. இறக்குமதிச் சமவிலை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சுத்திகரித்த பெட்ரோலை வளைகுடாத் துறைமுகத்தில் வாங்கி, கப்பலில் ஏற்றி, கப்பல் கூலியும் காப்பீடும் செலுத்தி, வழியில் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டு, இந்தியத் துறைமுகத்தில் இறக்கி, சுங்க வரியும் துறைமுகக் கட்டணமும் கட்டியிருந்தால் என்ன விலையாகுமோ, அதுதான் இறக்குமதிச் சமவிலை. அந்தக் கப்பல் புறப்படவே இல்லை. அந்தச் சுங்க வரியை எவரும் கட்டவில்லை. விசாகப்பட்டினத்தில் வடித்த எண்ணெய்க்கு, கடலில் ஓடாத கப்பலின் கூலியை வாங்குகிறவர் தருகிறார். அதே எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்கும்போது இந்தக் கற்பனைச் செலவுகளை யாரிடமும் கேட்க முடியாது. சிங்கப்பூர்ச் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ, அதுதான் கிடைக்கும்.

பொதுத்துறையைச் சேர்ந்த மங்களூரு சுத்திகரிப்பு ஆலை, 2018-இன் முதல் ஆறு மாதங்களில் லிட்டர் 32 முதல் 34 ரூபாய் வரையிலான விலையில் பெட்ரோலை வெளிநாடுகளுக்கு விற்றது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த செய்தி. வாங்கியவற்றில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இருந்தன. அதே காலத்தில் இந்திய நகரங்களின் பங்க்குகளில் விலை 70 ரூபாயைத் தாண்டியிருந்தது. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது சரியன்று, உள்நாட்டு விலையில் வரிகள் உண்டு என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். வரியையும் முகவர் கழிவையும் நீக்கிய பிறகும் உள்நாட்டு அடிப்படை விலை, ஏற்றுமதி விலையைவிடச் சில ரூபாய் கூடுதலாகவே இருந்தது என்பதற்கு விளக்கம் வரவில்லை. பெரும் இடைவெளி வரியால் வந்தது என்றால் அந்த வரியை விதித்தவர் யார் என்ற அடுத்த கேள்வியும் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடை அரசிதழில் இருக்கிறது. 2014-இல் மோடி அரசு பதவியேற்றபோது பெட்ரோல்மீதான ஒன்றியக் கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாய், டீசலுக்கு 3.56 ரூபாய். 2020 மே மாதத்தில், ஊரடங்கால் நடைபாதைகளில் மக்கள் சொந்த ஊர் நோக்கி நடந்துகொண்டிருந்த நாள்களில், அவை முறையே 32.98 ரூபாயாகவும் 31.83 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்கு வீழ்ந்த நேரம் அது. வீழ்ச்சியின் பயன் மக்களைச் சேராமல் வரி வழிமறித்தது. பிறகு இரு தவணைகளாகக் குறைத்து 2022 மே மாதத்தில் பெட்ரோல் வரி 19.90 ரூபாய்க்கு வந்தது. இந்த 19.90 ரூபாயில் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய். மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் முழுமையாக தில்லிக்கே. மாநிலங்களின் கையைக் கட்டிவிட்டு, மாநிலங்கள் வாட் வரியைக் குறைக்கட்டும் என்று பிரதமரே அறிவுரை வழங்கினார். தெலங்கானா அரசு பெட்ரோல்மீது 35.2 சதவீத வாட் விதிப்பதை இது நியாயப்படுத்திவிடாது. ஹைதராபாத்தில் ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு மாறியது; அந்த விகிதம் மாறவில்லை.

2022-க்குப் பிறகு நடந்தது இன்னும் வெளிப்படையானது. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யக் கச்சா எண்ணெய் தள்ளுபடி விலையில் வந்து, இந்திய இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 2022 நடுப்பகுதியில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த கச்சா விலை அடுத்த ஆண்டில் 75–80 டாலருக்கு இறங்கியது. ராமச்சந்திராபுரத்தின் பங்க்கில் எண் மாறவில்லை. தனியார் சுத்திகரிப்பு நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு டீசல் அனுப்புவதில் மும்முரமாக இருந்தன. 2022 ஜூனில் அவர்களது சொந்த பங்க்குகள் பல இடங்களில் காலியாகவோ மூடியோ கிடந்தன. நிலைமை கைமீறவே ஜூலை 1-ஆம் தேதி ஏற்றுமதியாகும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி விதித்தது அரசு. 2024 டிசம்பரில் அந்த வரியும் கைவிடப்பட்டது. 2023–24 நிதியாண்டில் மூன்று பொதுத்துறை எண்ணெய் விற்பனை நிறுவனங்களின் இலாபம் மட்டும் 81,000 கோடி ரூபாய் அளவுக்கு இருந்தது. 2010-இல் பெட்ரோலுக்கும் 2014-இல் டீசலுக்கும் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, உலகச் சந்தையில் விலை இறங்கினால் இங்கும் இறங்கும் என்று சொல்லப்பட்டது. ஏறும்போது மட்டும் உலகச் சந்தை, இறங்கும்போது தேசத்தின் நலன்.

இதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால், அதே சங்காரெட்டி மாவட்டத்தில், சதாசிவப்பேட்டையில் எம்ஆர்எஃப் நிறுவனத்தின் டயர் ஆலை வருகிறது. டயர் விலையைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. நாட்டின் ஐந்து பெரிய டயர் நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் தமக்குள் கூடிப் பேசி, மாற்று டயர்ச் சந்தையில் விலையை ஏற்றின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் முடிவு செய்து, 1,788 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளால் அந்த ஆணை 2022 பிப்ரவரி வரை வெளிவரவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன; இறுதித் தீர்ப்பு எதுவாயினும் ஆகட்டும். விசாரணையில் அடிபட்டது மாற்று டயர்ச் சந்தை என்பது கவனத்துக்குரியது. கார், லாரி உற்பத்தியாளர்களுக்கு டயர் மொத்தமாகப் போகிறது. அவர்கள் பேரம் பேச வல்லவர்கள். தேய்ந்த டயரை மாற்ற வரும் லாரி உரிமையாளர் ஒற்றை ஆள். டீசலும் டயரும் ஏறினால் லாரி வாடகை ஏறும். லாரி வாடகை ஏறினால் லிங்கம்பள்ளிச் சந்தையில் தக்காளி விலை ஏறும்.

உள்நாட்டில் ஏற்றி, வெளிநாட்டில் இறக்கி விற்பது புதிய கண்டுபிடிப்பன்று. நூற்றாண்டுக்கு முன் ஜெர்மானியக் கூட்டமைப்பு நிறுவனங்களைக் கண்டே ஹில்ஃபர்டிங், 1910-இல் வெளியான தம் ‘நிதி மூலதனம்’ நூலில், காப்பு வரியின் பணி தலைகீழாகிவிட்டதை விளக்கினார். வளரும் தொழிலுக்கு வேலியாக இருந்த வரி, ஏகபோகம் வளர்ந்த பிறகு உள்நாட்டுச் சந்தையைப் பிழியும் கருவியாகிறது; அங்கே பிழிந்த கூடுதல் இலாபத்தைக் கொண்டு வெளிச் சந்தையில் மலிவாக விற்றுப் போட்டியாளரை வீழ்த்த முடிகிறது. லெனின் ‘ஏகாதிபத்தியம்’ நூலில் இதனை ஏகபோக மூலதனத்தின் இயல்பான நடைமுறைகளில் ஒன்றாகவே குறித்தார்.

ஹில்ஃபர்டிங் சொன்ன இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கண்ணால் காண ராமச்சந்திராபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியுடன் அங்கே எழுந்த ஆலை சுங்க மதிலின் பாதுகாப்பில்தான் வளர்ந்தது. அந்த மதிலுக்கும் விலை இருந்தது; இறக்குமதி செய்தால் மலிவாகக் கிடைத்திருக்கக்கூடிய சில பொருள்களை நாடு கூடுதல் விலைக்கு வாங்கியது. கொடுத்த விலைக்கு ஈடாக நீராவிச் சுழலிகளையும் மின்னாக்கிகளையும் அழுத்த இயந்திரங்களையும் சொந்தமாகச் செய்யும் திறன் நாட்டுக்கு வந்தது. ஹைதராபாத்திலேயே நுகர்பொருள்களிலும் அப்படி நடந்தது. அணுசக்தித் துறையின்கீழ் 1967-இல் தொடங்கிய இசிஐஎல் தயாரித்த ‘இசி’ தொலைக்காட்சிப் பெட்டி ஒரு காலத்தில் வீடுகளின் பெருமை. மாநில அரசின் கையிலிருந்த ஹைதராபாத் ஆல்வின் குளிர்பதனப் பெட்டிகளையும் கைக்கடிகாரங்களையும் பேருந்துகளையும் செய்தது. அதன் குளிர்பதனப் பிரிவு 1990-களின் முற்பகுதியில் தனியார் நிறுவனமான வோல்டாஸிடம் போய்ச் சேர்ந்தது. இன்று ராமச்சந்திராபுரத்திலிருந்து நகரத்துக்குள் வருகிறவர்கள் மியாப்பூரில் ஆல்வின் சந்திப்பைக் கடக்கிறார்கள். பெயர் மட்டும் மிச்சம்.

அன்றைய மதிலுக்குள் இருந்தது பொதுச் சொத்து. இன்றைய மதிலுக்குள் இருப்பவை பன்னாட்டு நிறுவனங்களும் ஓரிரு உள்நாட்டுப் பெருமுதலாளிகளும். தொழில்நுட்பம் அவர்களிடம், வடிவமைப்பு அவர்களிடம், பெரும்பகுதி உதிரிபாகங்கள் வெளியிலிருந்து. மதில், ஊக்கத்தொகை, வரிச் சலுகை ஆகியவை மட்டும் இந்திய மக்களுடையவை. ஆகவே மதிலை இடித்துவிட்டால் விலை இறங்கும் என்று தாராளவாதப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் தீர்வு கேட்க எளிதாக இருக்கிறது. 1991-க்குப் பிறகு பல பொருள்களில் மதில் இடிந்தது. ஆல்வின் போன்ற ஆலைகள் போயின. சந்தை சில நிறுவனங்களின் கைக்கு வந்தது. பெட்ரோலின்மீதான சுங்க வரி மிகக் குறைவுதான், விலை குறையவில்லை. சிக்கல் மதிலின் உயரத்தில் மட்டும் இல்லை. யார் உள்ளே இருக்கிறார், எந்த நிபந்தனையோடு இருக்கிறார் என்பதில் இருக்கிறது.

நிபந்தனை என்ற சொல்லுக்கு இன்று அரசின் அகராதியில் ஒரே பொருள்தான்: தொழிலாளருக்கு விதிப்பது. பொருளின் விலையை நிர்ணயிக்க உலகச் சந்தையைச் சுட்டும் அதே நிறுவனங்கள், கூலிக்கு வரும்போது உலகச் சந்தையை மறந்துவிடுகின்றன. சுங்குவார்சத்திரத்தில் தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்யும் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் மாதம் சராசரியாக 25,000 ரூபாய் பெறுவதாகவும், மூன்றாண்டுகளில் 36,000 ஆக்கக் கோருவதாகவும் அப்போது செய்திகள் வந்தன. கேட்டதில் முதன்மையானது ஊதியம்கூட அன்று; சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்ய நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அவர்கள் கையால் செய்த பெரிய திரைத் தொலைக்காட்சிக்கு அன்று ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-இல்தான் 18-ஆகக் குறைந்தது. அதற்கெல்லாம் முன்னர், 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சானதால் நூற்றைம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். விலையுயர்ந்த பேசியைப் பொருத்திய கைகள் அவை. அந்தப் பேசி விலையில் பொருத்தும் கூலியின் பங்கு மிகச் சிறியது. கூலியை இரட்டிப்பாக்கினாலும் சில்லறை விலையில் பெரிய அசைவு இருக்காது. ஹைதராபாத்தின் தெற்கே கொங்கர கலானில் அதே ஃபாக்ஸ்கான் எழுப்பியுள்ள ஆலையும் இந்த ஏற்றுமதிச் சங்கிலியின் இன்னொரு கண்ணி. அங்கே சேரும் தெலங்கானா இளைஞர்களுக்குச் சுங்குவார்சத்திரத்தின் அனுபவம் தெலுங்கில் போய்ச் சேர வேண்டும்.

உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு இன்னொரு விலை என்பதன் மிகக் கொடிய வடிவம் உணவில் நிகழ்ந்தது. 2000-இன் இறுதியிலிருந்து, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் குவிந்தபோது, வாஜ்பாய் அரசு அதனைத் தனியார் ஏற்றுமதியாளர்களுக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான ரேஷன் விலையில் கொடுத்தது: அரிசி கிலோ 5.65 ரூபாய், கோதுமை 4.15 ரூபாய். வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதாக அட்டையில் எழுதப்பட்ட உள்நாட்டுக் குடும்பம் அதே தானியத்துக்கு அதைவிட மிக அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. கிடங்குகளில் இருப்பு 6 கோடி டன்னை எட்டிய 2001-இல்தான் ஒடிஷாவின் காசிப்பூரில் மாங்கொட்டைப் பருப்பைத் தின்று மக்கள் மடிந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் உணவுரிமை வழக்கைத் தொடுத்தது. ரேஷன் விலையைக் குறைத்தால் மானியச் சுமை தாங்காது என்றவர்கள், ஏற்றுமதியாளருக்குக் கொடுத்த மானியத்தை மானியம் என்று அழைக்கவில்லை.

இத்தகைய இரட்டை விலை தானாக மறைந்ததாக வரலாறு இல்லை. 1970-இல் ஜப்பானில், வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் விலையைவிட உள்நாட்டில் மிக அதிக விலைக்கு விற்கப்படுவது அம்பலமானது. சிஃபூரென் என்ற பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பு முன்னின்று, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்காதீர்கள் என்று நாடு முழுவதும் அழைப்பு விடுத்தது. பிற நுகர்வோர் அமைப்புகளும் இணைந்தன. பெட்டிகள் கிடங்கில் தேங்கின. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தியாளர்கள் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்களிடம் பொருளாதாரப் பட்டம் இருக்கவில்லை. இரண்டு விலைச் சீட்டுகள் இருந்தன.

இந்தியாவில் அந்த இரண்டாவது சீட்டுத்தான் மக்கள் கைக்கு வருவதில்லை. கம்பெனிச் சட்டத்தின் 148-ஆவது பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் உற்பத்திச் செலவுக் கணக்கையும் அதன் தணிக்கையையும் கட்டாயமாக்குகிறது. அந்தத் தணிக்கை அறிக்கைகள் அரசிடம் தாக்கலாகின்றன. பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. பொதுப் பணத்திலிருந்து ஊக்கத்தொகை பெறும் ஒவ்வொரு நிறுவனத்தின் செலவுத் தணிக்கை அறிக்கையும், ஒரே பொருளின் ஏற்றுமதி விலையும் வரிக்கு முந்தைய உள்நாட்டு விலையும் அருகருகே வெளியிடப்பட வேண்டும். ஊக்கத்தொகை வாங்குகிறவர் வெளிநாட்டில் விற்கும் விலையைவிட உள்நாட்டில் கூடுதலாக வாங்கக்கூடாது என்பதும், ஆலையில் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாக வேண்டும். எண்ணெயில் இறக்குமதிச் சமவிலையைக் கைவிட்டு, உண்மையான உற்பத்திச் செலவின்மேல் நியாயமான இலாபம் என்ற கணக்குக்குத் திரும்ப வேண்டும். செஸ் என்ற பெயரில் தில்லி எடுத்துக்கொள்ளும் தொகை மாநிலங்களுடன் பகிரும் தொகுப்புக்குள் வர வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. சமவிலைச் சூத்திரத்தை அரசு ஒரு நிர்வாக முடிவால்தான் கொண்டுவந்தது. ஊக்கத்தொகைத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும் அமைச்சகம் வெளியிட்டவைதான். நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடருக்கு முன், ஒவ்வொரு மாவட்டக் குழுவும் தன் பகுதியில் தயாராகி ஏற்றுமதியாகும் ஒரு பொருளையேனும் எடுத்து, இரண்டு விலைகளையும் திரட்டி, தெருமுனைக் கூட்டங்களில் வைக்கலாம். காஞ்சிபுரத்தில் கைப்பேசியும் குளிர்பதனப் பெட்டியும் இருக்கின்றன. சங்காரெட்டியில் டயர் இருக்கிறது.